மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை

பெறுநர்: பொது முகாமையாளர், இலங்கை ரயில்வே திணைக்களம், கொழும்பு 10.
பிரதி: ரயில் கட்டுப்பாட்டு அறை, மருதானை.
விடயம்: ஓடுகிற ரயிலைக் கூப்பிடுவது எப்படி?

ஐயா,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடலுக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில் இருப்பது உங்கள் தண்டவாளம்தான். கடல் கோபித்தால் முதலில் நனைவது நீங்கள், அடுத்தது நாங்கள். அந்த அயலவர் உரிமையில் இந்தக் கடிதம்.

2004 டிசம்பர் 26, போயா ஞாயிறு. காலை 6.50 அளவில் மாத்தறை ரயில் கோட்டையை விட்டுப் புறப்பட்டது. 1,500 பேருக்கு மேல் ரிக்கற் எடுத்து ஏறியிருந்தார்கள். சில நிமிடங்களில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து, சுனாமி அலை கிளம்பியது. ரயிலும் அலையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட்டு, 9.30 அளவில் பெரலியவில் சந்தித்தன. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது.

அலை கரையேறிய செய்தி மருதானைக்கு வந்தது. உங்கள் கட்டுப்பாட்டு அறை கரையோரப் பாதையில் எட்டு ரயில்களை நிறுத்தியது. அந்தப் புண்ணியத்தை யாரும் மறுக்க முடியாது. மாத்தறை ரயிலை மறிக்க அம்பலாங்கொடை நிலையத்துக்கு அழைத்தார்கள். மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மேடையில் நின்று, எந்த ரயிலை நிறுத்தச் சொல்லி மணி அடித்ததோ அதே ரயிலைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்தில் ரயிலைக் கவனிப்பது ஒரு குற்றமா? ஒருவர் வந்து ரிசீவரைத் தூக்கியபோது வண்டி போய்விட்டது. தெற்கே அடுத்தடுத்த நிலையங்களில் இருந்தவர்கள் ஓடியிருந்தார்கள், அல்லது இறந்திருந்தார்கள். பெரலியவில் மாண்டவர்கள் 1,700 பேருக்கு மேல். உலக ரயில் வரலாற்றிலேயே பெரிய விபத்து நம்முடையது.

ஆகவே அன்று பணியில் இருந்த எவரையும் நான் குறை சொல்லவில்லை. கட்டுப்பாட்டு அறையால் நிலையங்களோடு பேச முடிந்தது, ரயிலோடு பேச முடியவில்லை. அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தவர்களுக்குத்தான் என் பாராட்டு.

உங்கள் பாரம்பரியப் பற்றும் எனக்குத் தெரியும். மலையகப் பாதையில் இன்றும் பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல்பையை நிலைய அதிபர் கையால் நீட்ட, சாரதி கையால் வாங்கிக்கொண்டு போகிறார். உள்ளே இருக்கும் உலோகத் தட்டு கையில் வராமல் அடுத்த நிலையத்துக்கு நகரக்கூடாது. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் முட்டாமல் காப்பது அந்தத் தட்டுத்தான். அருமையான முறை. ஆனால் அலையிடம் அந்தத் தட்டு இல்லை. கட்டளை கேட்டு அது நிற்கவும் இல்லை.

மாலையில் எங்கள் நிலையத்தைக் கடக்கும் அலுவலக ரயிலைப் பாருங்கள். மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கும் பையன் ஸ்காபரோவில் இருக்கும் சித்தியோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டு போகிறான். வாசலில் நிற்பவர், "பம்பலப்பிட்டி தாண்டிட்டுது, சோத்தைப் போடும்" என்று வீட்டுக்கு அறிவிக்கிறார். அந்தக் கோச்சியில் போகிற எல்லாரையும் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் கூப்பிடலாம். முன்னால் இருந்து ஓட்டுகிறவரை மருதானையில் இருந்து கூப்பிட என்ன வழி?

"சாரதியிடமும் கைத்தொலைபேசி இருக்கிறதே" என்பீர்கள். பேரிடர் நாளில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இலக்கத்தை அழுத்தும். அந்த நெரிசலில் உங்கள் அழைப்பும் வரிசையில் நிற்க வேண்டும். 2004 இல் தொலைபேசி கைவிட்டபோது அம்பாந்தோட்டைக்கும் பிரதமர் அலுவலகத்துக்கும் தொடர்பு ஏற்படுத்தித் தந்தவர்கள், விக்டர் குணதிலக்க தலைமையிலான அமெச்சூர் வானொலிக்காரர்கள். பொழுதுபோக்குக்காகச் சிற்றலை வானொலி வைத்திருந்தவர்கள் அரசாங்கத்துக்குக் காதாக இருந்தார்கள்.

"2011 இலேயே ஜிபிஎஸ் பொருத்தத் தொடங்கினோம்" என்பீர்கள். நல்லது. ஆனால் ரயில் எங்கே நிற்கிறது என்று அன்றைக்கும் மருதானைக்குத் தெரியும். அம்பலாங்கொடையில். தெரிந்து என்ன, சொல்ல முடியவில்லையே!

"ரயிலுக்கு வானொலி கொடுத்தால் கண்டவனும் புகுந்து பேசுவான்" என்பது கடைசி ஆட்சேபம். அதிலும் நியாயம் உண்டு. 2023 ஓகஸ்டில் போலந்தில் யாரோ ரயில் அலைவரிசையில் புகுந்து, அவசர நிறுத்தத்துக்கான ஒலிச் சமிக்ஞையை அனுப்ப, இருபதுக்கு மேற்பட்ட ரயில்கள் நின்றுவிட்டன. பழைய முறை, பூட்டு இல்லாதது. ஆனாலும் ஐயா, அங்கே நிற்க வேண்டாத ரயில்கள் நின்றன. இங்கே நிற்க வேண்டிய ரயில் நிற்கவில்லை. அவர்களுக்குத் தேவை ஒரு பூட்டு. நமக்குக் கதவே தேவைப்பட்டது. அயலில் இந்திய ரயில்களில் சாரதியும் கார்டும் வோக்கிடோக்கியோடுதான் ஏறுகிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வட்டாரத்து ரயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அபாய அழைப்பு போகிறது.

பெரலியவில் சேற்றில் கிடந்த 591 ஆம் இலக்க இயந்திரத்தைத் திருத்தி, நினைவு நாளில் அதே இடத்துக்கு ஓட்டிப் போகிறீர்கள். திருத்தத் தெரிந்த திணைக்களம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆகவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கிறேன்:

ஒன்று, இந்த நிமிடம் கரையோரப் பாதையில் ஓடும் ஒவ்வொரு ரயிலின் சாரதியோடும், எந்த நிலையத்தின் உதவியும் இல்லாமல், மருதானையால் பேச முடியுமா?

இரண்டு, கைத்தொலைபேசி வலையமைப்பு விழுந்தாலும் பேச முடியுமா?

மூன்று, அந்தத் தொடர்பைக் கடைசியாகப் பரிசோதித்த திகதி எது?

பதிலைத் தமிழிலும் தாருங்கள். உங்களுக்குச் சட்டம் 14 வேலை நாட்கள் தருகிறது. கடல் இரண்டரை மணி நேரம்தான் தந்தது.

இப்படிக்கு,
தண்டவாளத்துக்கு அடுத்த வீட்டுக்காரன்,
வெள்ளவத்தை.