கோபுர தரிசனம்

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். அந்தக் கணக்கில் கேமரன் மலைத் தோட்டத் தமிழருக்குப் புண்ணியத்தில் குறையில்லை. பிரிஞ்சாங் மலையுச்சியில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், ஒலிபரப்புக் கோபுரமே நிற்கிறது. கைப்பேசி லைன் வேறு சங்கதி. மேட்டைத் தாண்டி வளைந்து பள்ளத்து லயத்துக்குள் இறங்க அதற்கு மனசு வராது. (கங்காணியின் குரல் இறங்கிவிடும்.)

2020இல் மலேசிய அரசின் ஜெண்டேலா திட்டம் வந்தது. மக்கள் வசிக்கும் இடங்களில் 4ஜியை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9க்கு உயர்த்துவது இலக்கு. மிச்சம் 3.1 எங்கே என்று ஆராய்ச்சிக் குழுவெல்லாம் வேண்டாம்; வாட்ஸ்அப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் வாசல்களை எண்ணினால் போதும். 2021 முடிவில் 3ஜியையும் மூடினார்கள். பட்டன் போன் பாட்டி அசரவில்லை, 2ஜியில் ஊர்வம்பு பேசுகிறார். பேரனின் 5ஜி போன் அருமையாகப் படமெடுக்கிறது. அனுப்பத்தான் தானா ராத்தா டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும்.