டேப் விசையின் வழி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் மாதத் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர்களுக்காக, பூசை நேரமும் பஸ் நேரமும் சொல்லும் இணையப்பக்கம் ஒன்றை அமைத்திருக்கிறேன். சுட்டியால் எல்லாம் திறக்கின்றன. பார்வையற்ற என் சின்னம்மாவுக்கு மட்டும் 'பஸ் நேரம்' திறப்பதில்லை. அவர் எங்கே தவறுகிறார்? (வஹகோட்டை வாசகர்)

பதில்: சின்னம்மா எங்கும் தவறவில்லை. டேப் விசையை அழுத்தி அழுத்திப் பக்கத்தைக் கடந்து செல்லும் ஒருவருக்கு, எழுதியவர் எவற்றை இணைப்பென்றும் பொத்தானென்றும் படிவக் கட்டமென்றும் குறித்தாரோ அவையே தங்குமிடங்கள். நீங்களோ 'டிவ்' என்னும் வெற்றுப் பெட்டிக்கு நிறம் பூசி, நிழலிட்டு, சுட்டி பட்டால் இயங்கும்படி நிரலும் சேர்த்து, அதைப் பொத்தான் போலத் தோன்றச் செய்திருக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். பார்க்கிறவருக்கு அது கதவு. தடவிப் பார்க்கிறவருக்கு அது சுவர். 'பட்டன்' என்ற குறியையே எழுதியிருந்தால், டேப் விசைக்கு அது தானாகவே அகப்பட்டிருக்கும். என்டர் விசைக்கும் இடைவெளி விசைக்கும் இணங்கியிருக்கும். திரைவாசிப்பான் மென்பொருளும் அதைப் பொத்தான் என்றே அறிவித்திருக்கும்.

கேள்வி: ஒவ்வொரு முக்கிய இணைப்புக்கும் 'அக்சஸ்கீ' என்னும் குறுக்குவிசைப் பண்பை வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார் நண்பர். (மாத்தளை வாசகி)

பதில்: நண்பரின் நோக்கம் உத்தமமானது, யோசனைதான் காலங்கடந்தது. 1997 டிசம்பரில் வெளியான, இணையப்பக்கங்களை எழுதும் மொழியாகிய எச்.டி.எம்.எல்.லின் 4.0 பதிப்பு இப்பண்பை அறிமுகம் செய்தது. 1999 மே மாதத்தில், இணையப் பிரமாணங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட அணுகுதன்மை நெறிகளின் முதற் பதிப்பும், முக்கிய இணைப்புகளுக்குக் குறுக்குவிசை கொடுங்கள் என்று சிபாரிசு செய்தது. அனுபவம் வேறுவிதமாயிற்று. விண்டோஸ் கணினியில் குரோமுக்கு ஆல்ட் விசையும், ஃபயர்ஃபாக்ஸுக்கு ஆல்ட்டோடு ஷிஃப்ட்டும், மாக் கணினியில் கன்ட்ரோலும் ஆப்ஷனும் என்று இடத்துக்கு இடம் முறை மாறிற்று. தேர்ந்த எழுத்து உலாவியின் சொந்தக் கட்டளையோடோ திரைவாசிப்பானின் கட்டளையோடோ மோதிற்று. எந்த எழுத்து எதற்கு என்று வாசகருக்குத் தெரிவிக்க நிச்சயமான மார்க்கமும் இல்லை. 'சர்ச்' என்பதன் முதலெழுத்தாகிய எஸ், மும்மொழியில் இயங்க வேண்டிய நம் நாட்டுப் பக்கமொன்றில், 'தேடல்' என்று வாசிப்பவருக்கு எதை ஞாபகமூட்டும்?

பிரமாணம் வகுத்தவர்களுமே இதில் தடுமாறினார்கள். எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 வரைவு அப்பண்பை அகற்றி வேறொன்றை முன்மொழிந்தது. அந்த வரைவையே கைவிடுவதென்று 2009இல் தீர்மானமாயிற்று. 2014 அக்டோபரில் நிறைவுற்ற எச்.டி.எம்.எல். 5 அக்சஸ்கீயைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே, 2008 டிசம்பரில் வந்த அணுகுதன்மை நெறிகளின் இரண்டாம் பதிப்பு, குறுக்குவிசை கேட்பதை விட்டுவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டது: பக்கத்தில் உள்ளதனைத்தும் விசைப்பலகையால் இயங்க வேண்டும், அதன் எந்தப் பகுதிக்குள் நுழைந்தவரும் விசைப்பலகையாலேயே வெளியேறவும் வேண்டும். அந்த இரண்டையும் செய்யுங்கள், அக்சஸ்கீயை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'டேப் இண்டெக்ஸ்' பண்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு வரிசைப்படுத்தலாமா? (தம்புள்ளை வாசகர்)

பதில்: வேண்டாம். இலக்கம் பெற்றவை முந்திக்கொள்ள, பெறாதவை கடைசியில் நிற்கும். நாளை இடையில் ஓர் இணைப்பைச் சேர்த்தால் வரிசை குலையும். வாசிக்க வேண்டிய ஒழுங்கிலேயே பக்கத்தை எழுதினால் டேப் விசையும் அதே ஒழுங்கில் செல்லும்.

கேள்வி: டேப் விசையை அழுத்தும்போது இணைப்பைச் சுற்றித் தோன்றும் கோடு அலங்காரத்தைக் கெடுக்கிறது. அழித்துவிடலாமா? (கண்டி வாசகர்)

பதில்: டேப் விசையால் செல்பவருக்கு அந்தக் கோடே அம்புக்குறி. சுட்டியின் அம்புக்குறியை முதலில் அழித்துவிட்டு ஒரு நாள் வேலை செய்து பாருங்கள், பிறகு கோட்டைப் பற்றிப் பேசுவோம். கோட்டின் நிறத்தையும் தடிப்பையும் உங்கள் ரசனைப்படி மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

கேள்வி: சில ஆண்டுகளுக்கொரு பிரமாணம் வருகிறது. மாணவருக்கு எதைத்தான் கற்பிப்பது? (கலேவெல, தகவல் தொழில்நுட்ப ஆசிரியை)

பதில்: இணைப்பும் தலைப்பும் 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த நாளிலிருந்து மாறவில்லை, அவற்றை முதலில் கற்பியுங்கள், அம்மா. 2014 மார்ச்சில், திரைவாசிப்பானுக்கு உதவும் 'ஏரியா' என்ற துணைப்பண்புகள் பிரமாணமாயின. அவற்றின் முதல் விதியே, இயல்பான குறி இருக்குமிடத்தில் எங்களைத் தேடி வராதீர்கள் என்பதுதான். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானை வகுப்பறைக் கணினியில் நிறுவி, எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவும்படி மாணவரிடம் சொல்லுங்கள். எழுத்தை வெறுமனே பெரிதாக்கித் தலைப்பென்று நினைத்தவருக்கு, அந்த விசை எங்குமே நிற்காமற் போவதுதான் மிகச் சிறந்த பாடம்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் அறிவித்தல்கள் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் உள்ளன. கண்ணுக்கு அழகாகத்தானே தெரிகின்றன? (உக்குவெல வாசகர்)

பதில்: கண்ணுக்கு மட்டும். பாமினியில் 'அம்மா' என்று நீங்கள் காண்பதன் அடியில், கணினியிடம் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும், தேடுபொறியும் அவற்றைத்தான் தேடும். முதற் கேள்வியில் வெற்றுப்பெட்டி பொத்தான் வேஷம் போட்டது. இங்கே ஆங்கில எழுத்து தமிழ் வேஷம் போடுகிறது. தாய்மொழியே தன் பக்கத்தில் தமிழாக இல்லாதிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. தமிழுக்கு 1991இலேயே யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையும் 2008இல் இலங்கைத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டுவிட்டது. ஆகையால் அறிவித்தல்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பக்கத்தின் தொடக்கக் குறியில் மொழி தமிழ் என்பதற்கு 'டி.ஏ.' என்றும், நடுவே வரும் சிங்களப் பகுதிக்கு 'எஸ்.ஐ.' என்றும் எழுதுங்கள். அப்பொழுதுதான் திரைவாசிப்பான் அந்தந்த மொழிக்குரிய குரலைத் தெரிந்தெடுக்கும். விண்ணப்பப் படிவங்களையும் நேர அட்டவணைகளையும் முதலில் மாற்றுங்கள். பழைய கூட்ட அறிக்கைகள் காத்திருக்கலாம்.