எங்கள் ஏரியா தேர்தல் கமிஷனர்

தேர்தல் தேதி வந்தால் டெல்லியில் தலைமைத் தேர்தல் ஆணையர் பேட்டி கொடுப்பார். மயிலாப்பூரில் எங்கள் கமிஷனர் இஸ்திரி வண்டியோரம் நின்றபடி கொடுப்பார். இருவருக்கும் ஒரே வித்தியாசம்: டெல்லிக்காரர் தேதியோடு நிறுத்திக்கொள்வார், எங்களவர் முடிவையும் சேர்த்தே அறிவித்துவிடுவார்.

"மாட வீதி நாலும் இலை சார், எழுதி வச்சுக்குங்க. மந்தைவெளி பாதிக்குப் பாதி. நொச்சிக்குப்பம் எம்ஜிஆர் காலத்துலேர்ந்து இலைதான், ஆனா இந்த வாட்டி ஒரு ஆயிரம் கழியும். லஸ் பக்கத்து ஃபிளாட்டுக்காரங்களைக் கணக்குலயே சேக்காதீங்க. லீவு விட்டா மகாபலிபுரம் போறவங்க!"

ஆள் ரிடையர் ஆனவர். "நான் எந்தக் கட்சியும் இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எந்தக் கட்சி என்று தெருவுக்கே தெரியும் என்பதால் யாரும் மறுப்பதில்லை. கையில் ஏதோ ஒரு வங்கி கொடுத்த பழைய டைரி. தேதிகளை அடித்துவிட்டுத் தெருப் பெயர்களை எழுதியிருப்பார். பக்கத்துக்கு ஒரு தெரு, வீட்டுக்கு ஒரு வரி. சிவப்பு மையில் சூரியன், பச்சையில் இலை, பென்சிலில் தாமரை. பென்சில் எதற்கென்றால், ரப்பர் வைத்து அழிக்கலாம்.

புள்ளிவிவரம் சேகரிக்கும் முறையைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்குவார். அந்தம்மா முழம் போடும்போதே கேள்வி வந்துவிடும்.

"என்னம்மா, இந்த வாட்டி யாருக்கு?"

"உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்க சொல்றவங்களுக்குத்தான்."

டைரியில் ஒரு டிக். அதே அம்மா காலையில் வந்த உதயசூரியன் பூத் ஏஜென்ட்டிடமும், சாயங்காலம் வந்த இரட்டை இலைக்காரரிடமும் இதே பதிலைச் சொல்லி, இரண்டு பேரிடமும் பூ விற்றிருப்பார். வியாபாரம் செய்கிற இடத்தில் வேறென்ன சொல்ல முடியும்? மூன்று பேர் கணக்கிலும் அவர் ஓட்டு விழுந்தாயிற்று. மயிலாப்பூரில் எல்லாக் கட்சியும் ஜெயிக்கப்போவதாகத் தேர்தலுக்கு முதல்நாள் வரை எல்லாக் கட்சியும் நம்புவதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கமிஷனரிடம் ஒரு விதியும் உண்டு: மயிலாப்பூர் ஆளப்போகிற அணிக்கு ஓட்டுப் போடாது. ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. 2001இல் ஆட்சியைப் பிடித்தது அதிமுக. இங்கே ஜெயித்தவர் திமுக அணியில் நின்ற பாஜகவின் கே.என். லட்சுமணன். 2006இல் ஆட்சிக்கு வந்தது திமுக. இங்கே அதிமுக சார்பில் எஸ்.வி. சேகர். இரண்டு தேர்தல் போதாதா ஒரு விதிக்கு? 2011இல் ஆட்சியும் அதிமுக, மயிலாப்பூரும் அதிமுக என்றானபோது, "விதி சரிதான் சார், ஜனங்கதான் மாறிட்டாங்க" என்றார். 2016இல் சென்னையின் 16 தொகுதிகளில் பத்து திமுகவுக்குப் போக, மயிலாப்பூர் மிச்ச ஆறில் நின்று மறுபடி ஆளுங்கட்சியோடு சேர்ந்துகொண்டது. 2021இல் பதினாறையும் திமுக அணி அள்ளியது, மயிலாப்பூர் உட்பட. அந்த மே மாதம் டைரி காணாமல் போயிருந்தது. ஜூனில் கிடைத்துவிட்டது.

அவருடைய களப்பணியின் சிகரம் 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். பஸ் பிடித்துத் தண்டையார்பேட்டை போய், தெருத்தெருவாக அலைந்து, நாலு கிளாஸ் டீ குடித்துவிட்டு வந்து, "போட்டி இலைக்கும் சூரியனுக்கும்தான்" என்று தீர்ப்பளித்தார். சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் பிரஷர் குக்கர் சின்னத்தில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். திமுகவுக்கு டெபாசிட்டே போயிற்று. கமிஷனர் அசரவில்லை. "நான் போன தெருவெல்லாம் கரெக்டாத்தான் இருந்துது. போகாத தெருவுலதான் கவுத்துட்டாங்க."

எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று தேர்தல் ஆணையமே படிவம் 20 என்ற பெயரில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "அது கவர்மென்ட் கணக்கு சார், நமக்கெதுக்கு?" என்றுவிட்டார்.

அவர் டைரியில் இன்னொரு விசேஷம், வாக்குப்பதிவு எப்போதும் நூறு சதவீதம். சென்னை நிலவரம் அப்படியா? 2021இல் மாநிலம் எழுபதைத் தாண்டியபோது இந்த நகரம் அறுபதைக்கூடத் தொடவில்லை. 2022 மாநகராட்சித் தேர்தலில் 45-ஐயும் எட்டவில்லை. மகாபலிபுரம் போகிறவர்கள் லஸ்ஸில் மட்டும் இல்லை, எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் டைரியில் ஒருவரும் ஊருக்குப் போவதில்லை, ஒருவரும் தூங்கிப்போவதில்லை, இறந்தவர்கள்கூடக் கட்சி மாறாமல் இருக்கிறார்கள்.

அவர் வீட்டுக்கும் அதில் ஒரு வரி உண்டு: நாலு ஓட்டு, நாலும் ஒரே சின்னம். மனைவி, மகன், மருமகள் மூவரையும் இதுவரை விசாரித்ததில்லை. போன தடவை பூத்தைவிட்டு வெளியே வந்த மனைவியிடம் கேட்க வாயெடுத்தார். "பால் வாங்கணும், நடங்க" என்று அந்தம்மா முன்னால் போய்விட்டார். டைரியில் அந்த வரி பச்சை மையில், அழிக்க முடியாமல் இருக்கிறது.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள், பாவமில்லை. ஆனால் அன்றைக்கு மறக்காமல் போய் ஓட்டைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் விழுந்த ஒரே ஓட்டு அவர் டைரியில் போட்டதாகத்தான் இருக்கும்.