பாரதம் வைக்கிறவர்

கடலூர் மாவட்டத்தில் கெடிலக் கரையை ஒட்டிய ஊர்களில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள இடத்தில் 'பாரதம் வைக்கிறவர்' என்று ஒருவர் இருப்பார். அவர் நடிக்க மாட்டார்; பாட வராது; மத்தளத்தைத் தொட்டதும் இல்லை. ஆனால் குருட்சேத்திரப் போர் எந்தத் தேதியில் நடக்க வேண்டும், கர்ணன் எத்தனை மணிக்குச் சாக வேண்டும், துரியோதனனுக்கு எத்தனை வண்டி மண் அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அவர்தான். கோயில் காகிதங்களில் அவர் தர்மகர்த்தா, நோட்டீசில் விழாக் குழுத் தலைவர், ஊர் வாயில் 'பெரியவர்'. அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் வேறு பெயர்களும் புழங்கும்.

பாரதம் வைப்பது என்றால் கதை கேட்பதோடு முடிவதில்லை. பகலில் கோயில் முகப்பில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். ராத்திரி அதே கதையைக் கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். முக்கியமான கட்டங்களை ஊரே நடத்திப் பார்க்கும். பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி தெருவில் போகும்; அர்ச்சுனன் மரம் ஏறித் தவம் செய்வான்; பொட்டலில் துரியோதனன் மண்ணுருவாகப் படுத்திருப்பான்; கடைசி நாள் சாயங்காலம் தீமிதி. கூத்து மட்டும் பத்து நாளும் நடக்கும், பதினெட்டு நாளும் நடக்கும். பிரசங்கம் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். அத்தனை நாளும் ஊர்தான் குருட்சேத்திரம். குருட்சேத்திரத்துக்குப் பந்தலும் மைக்செட்டும் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் தேவைப்படுவதால் பாரதம் வைக்கிறவரும் தேவைப்படுகிறார்.

இந்த உத்தியோகம் பழையது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு, 7-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு ஒதுக்கியதை அது சொல்கிறது. வாசிப்பவருக்குப் பங்கு உண்டென்றால், அதை அளந்து கொடுக்கிறவரும், 'இந்த வருசம் கொஞ்சம் அனுசரிச்சிக்குங்க' என்று தலையைச் சொறிகிறவரும் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும்.

திருவதிகைப் பக்கத்தில் பிறந்தவருக்கு இன்னும் பெரிய முன்மாதிரி உண்டு. அட்ட வீரட்டங்களில் சிவன் முப்புரம் எரித்த தலம் அது. அந்தப் போருக்குத் தேவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாரதம் வைக்கிறவர் ஊர்க்கூட்டத்தில் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்: பூமி தேர், சூரிய சந்திரர் சக்கரம், நாலு வேதமும் குதிரை, பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. ஆளுக்கொரு பொறுப்பு, ஒருவரும் சும்மா நிற்கவில்லை. பிள்ளையாரை முதலில் கும்பிடாததால் தேரின் அச்சு முறிந்தது என்ற கதையையும், அது அச்சிறுபாக்கத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லி, முதல் மரியாதை தவறினால் என்ன ஆகும் என்று கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். சிவன் கடைசியில் அம்பை விடாமல் வெறுமனே சிரித்தே மூன்று கோட்டையையும் எரித்துவிட்டார், அத்தனை ஏற்பாடும் வீண் என்ற பகுதியை மட்டும் அவர் சொல்வதில்லை.

கிரேக்கத்திலும் இவருக்கு ஒரு பங்காளி இருந்தார். ஏதென்ஸ் நகரத்து டயோனிசஸ் திருவிழாவில் புராணக் கதைகளை நாடகமாகவும் பாட்டாகவும் அரங்கேற்றும்போது, பாடற்குழுவின் பயிற்சிச் செலவையும் உடைச் செலவையும் அரசு ஒரு பணக்காரக் குடிமகன் தலையில் கட்டிவிடும். அவருக்குக் கொரேகோஸ் என்று பெயர். குழு ஜெயித்தால் அவர் தம் பெயரில் நினைவுச் சின்னம் வைத்துக்கொள்ளலாம். கி.மு. 334 வாக்கில் லைசிகிராட்டீஸ் என்பவர் எழுப்பியது இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது. அதன் கல்வெட்டில் முதல் பெயர் செலவு செய்தவருடையது. குழல் ஊதியவரும் பயிற்சி கொடுத்தவரும் பின்னால்தான் வருகிறார்கள். டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு 'உபயம்' எழுதும் வழக்கத்துக்கு இதைவிட உயர்ந்த ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் மேல்நாடுகளில் புராணப் பாத்திரமாகவே வேடமிட்டு, காட்டிலோ கோட்டையிலோ ஓரிரு நாள் வாழ்ந்து பார்க்கும் விளையாட்டு ஒன்று நடக்கிறது. இங்கிலாந்தில் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 1982-ல் தொடங்கிய 'ட்ரெஷர் ட்ராப்' அதன் முன்னோடிகளில் ஒன்று. கிரேக்கக் கதையை எடுத்துக்கொண்டால் ஒருவர் அக்கிலீஸ், ஒருவர் ஒடிசியஸ். வாள் நுரை ரப்பர். முடிவு யாருக்கும் தெரியாது. அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கூடாரத்திலேயே படுத்துவிட்டால் ட்ராய் போர் என்னாகும் என்று அமைப்பாளர் கவலைப்படுவார். பாரதம் வைக்கிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. அவருடைய பாண்டவர்கள் சூதாட்டத்தில் தோற்பார்கள், போரில் ஜெயிப்பார்கள். அதில் மாற்றம் இல்லை. கீழத்தெரு வரி கொடுக்குமா என்பதுதான் அவருக்குத் தெரியாது. கதையில் எல்லாம் முடிவாகிவிட்டதால், அவருடைய மூளை முழுவதும் கதைக்கு வெளியே வேலை செய்கிறது.

அவரை அடையாளம் காண்பது சுலபம். கட்டம் போட்ட நீளமான கணக்கு நோட்டு, மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் ரசீதுப் புத்தகம், அம்மன் பாட்டு ஒலிக்கும் கைப்பேசி. ரசீதுப் புத்தகம் எதிரில் வருகிறவருக்குத் தெரியும்படி இருக்கும். எதிரில் வருகிறவர் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

பருவம் தொடங்குவது முந்திரிக்கொட்டை விற்ற காசு கையில் புரளும்போது. பண்ருட்டி வட்டாரத்தில் அந்தச் சமயத்தில் பலாவும் காய்த்துக் குலுங்கும். ஊருக்கு வெளியே வேலை பார்க்கிறவர்களும் சித்திரை விடுமுறைக்கு வந்து மாட்டிக்கொள்வார்கள். ஊர்க்கூட்டம் கோயில் வாசலில் கூடும். அதன் தொடக்கம் எல்லா வருசமும் ஒன்றுதான்.

"போன பாரதத்துக் கணக்க மொதல்ல படிங்க மாமா."

"கணக்கு எங்கடா ஓடிடப் போவுது? அம்மனுக்குக் காப்புக் கட்டற தேதிய மொதல்ல பேசுவோம்."

தேதி முடிவானதும் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றப்படும். கற்பூரம் ஏற்றிய பிறகு கணக்கு கேட்பது மரியாதை இல்லை.

அடுத்தது தலைக்கட்டு வரி. உள்ளூரில் இருப்பவரிடம் வாங்குவதைவிட வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவரிடம் வாங்குவது எளிது. அவர்களுக்கு ஓடி ஒளியச் சந்து இல்லை. சிங்கப்பூரில் 1827-ல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில், ஐப்பசித் தீமிதிக்கு முன்னால் பாரதச் சடங்குகள் வரிசையாக நடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த யாராவது ஒருவர், அங்கே எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கிறது என்று கூட்டத்தில் சொல்லிவிடுவார். பாரதம் வைக்கிறவர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார். சொன்னவர் பெயருக்கு நேராக நோட்டில் தொகையைக் கூட்டி எழுதிக்கொள்வார்.

பிறகு கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கும் படலம். ஜமாவில் எத்தனை பேர், ஆர்மோனியம் யார், பெண் வேடம் யார், கட்டியக்காரன் யார் என்று விசாரணை நடக்கும். ஜனம் தர்மரைப் பார்க்க வருவதில்லை, கட்டியக்காரனைப் பார்க்கத்தான் வருகிறது என்பது இருவருக்குமே தெரியும். அதனால் விலை அவன் பெயரில்தான் ஏறும், இறங்கும். திரௌபதி கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பட்டியல் எழுதியதும் பாரதம் வைக்கிறவர் நோட்டை மூடிவைத்துக் கேட்பார்.

"வாத்தியாரே, பத்து ராத்திரிய எட்டாக்கிட்டா எவ்ளோ குறையும்?"

"ஆக்கலாம் தலைவரே. அபிமன்யுவ உயிரோட விட்டுடலாமா, இல்ல கர்ணன விட்டுடலாமா?"

பத்து ராத்திரியே நிலைக்கும்.

பிரசங்கியாரோடு வரும் சிக்கல் வேறு வகை. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. அதனால் அந்தப் பருவத்தை விடவும் முடியாது, பந்தலுக்குத் தகரம் போடாத நிலையில் படிக்கவும் முடியாது. மழை வர வேண்டும், ஆனால் கூத்து முடிந்த பிறகு வர வேண்டும் என்ற கோரிக்கையோடு அவர் பிரசங்கியாரை அணுகுவார். பிரசங்கியார் படிப்பது மட்டும் தம் வேலை என்பார். மழை வந்தால் பெருமை விழாக் குழுவுக்கு. பந்தல் நனைந்தால் பழி பிரசங்கியாருக்கு.

வேடம் கட்டுவது கூத்துக்காரர்களின் வேலை என்றாலும் ஊராருக்கும் பங்கு உண்டு. காப்புக் கட்டி விரதம் இருப்பவர், கரகம் எடுப்பவர், பகாசுரன் வண்டிக்கு மாடு கொடுப்பவர், தபசு மரம் நடுபவர், தீக்குழிக்கு விறகு அடுக்குபவர் எனப் பலரும் வழிவழியாக உரிமை கொண்டாடுவார்கள். கோயில் வாசலில் காவல் நிற்கும் போத்துராஜாவுக்கும், முஸ்லிம் வீரரான முத்தால ராவுத்தருக்கும் அவரவர் இடம் எது என்பதில் தகராறு இல்லை. மனிதர்களுக்குத்தான் வருசா வருசம் பஞ்சாயத்து. இந்த உரிமைகள் எங்கும் எழுதப்படவில்லை. பாரதம் வைக்கிறவரின் நினைவில் இருக்கின்றன. அந்த நினைவு நிலையானதல்ல என்பதே அவருடைய செல்வாக்கு.

அர்ச்சுனன் தபசு அவருக்குப் பெரிய சோதனை. ஊர் நடுவில் நட்ட உயரமான மரத்தில் அர்ச்சுனன் ஒவ்வொரு படியாக ஏறிப் பாட்டுப் பாடுவான். உச்சிக்குப் போனதும் எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாவற்றையும் கீழே இறைப்பான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பக்கத்தில் போகும் கரண்டுக் கம்பியை நினைத்து மின்வாரியத்துக்கு மனு எழுதியிருப்பவர் பாரதம் வைக்கிறவர் ஒருவர்தான். அதனால் கூட்டம் முழுவதும் அர்ச்சுனனைப் பார்க்கும்போது அவர் மட்டும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவன் வந்து பாசுபதம் கொடுத்து, அர்ச்சுனன் பத்திரமாகத் தரையில் கால் வைத்த பிறகுதான் அவருக்குப் பக்தி வரும்.

களபலி ராத்திரி அவரையும் அசைத்துவிடும். போர் ஜெயிக்க அர்ச்சுனன் மகன் அரவானைப் பலி கொடுப்பது, காற்று வீசக் கிரேக்க அரசன் அகமெம்னான் மகள் இபிஜெனியாவைப் பலி கொடுக்கத் துணிந்ததற்கு ஈடான கதை. இரண்டு இடத்திலும் பெரியவர்கள் திட்டம் போடுகிறார்கள், பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். பெண்கள் அழும் அந்த நேரத்தில் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண் வந்து சேர்ந்ததா என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்ல விசாரிப்பார்.

மண் துரியோதனனுக்கு. படுகளத்தில் மல்லாந்து கிடக்கும் அவனைக் கிரீடம், மீசை, கதையோடு மண்ணால் உருவாக்கி வண்ணம் தீட்டுவார்கள். எத்தனை அடி நீளம் என்று மண் பிசைகிறவர் கேட்டால், போன தடவை எத்தனை என்று பாரதம் வைக்கிறவர் திருப்பிக் கேட்க மாட்டார். பக்கத்து ஊரில் எத்தனை என்றுதான் கேட்பார். தம் ஊர்க் கடவுளைவிட தம் ஊர் எதிரி பெரியவனாக இருக்க வேண்டும் என்று அவர் பாடுபடுவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

பதினெட்டாம் போர் ராத்திரி விடிந்ததும் வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த மண்ணுருவைச் சுற்றி விரட்டிக்கொண்டு ஓடுவார்கள். வீமன் தொடையில் அடித்ததும், மண்ணுக்குள் புதைத்து வைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். வந்தவர்கள் பிடி மண் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பத்து நாள் திட்டமிட்டுச் செய்த துரியோதனன் அரை மணியில் காலி. பாரதம் வைக்கிறவர் இதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. தீயணைப்பு வண்டி வரும் பாதையில் யாரோ டிராக்டரை நிறுத்தியிருப்பார்கள்.

தீமிதிக்குப் பின் தர்மர் பட்டாபிஷேகம். தர்மருக்கு முடிசூட்டுவது சுருக்கமாக நடக்கும். மாலை மரியாதைக்குத்தான் நேரம் பிடிக்கும். மண்டகப்படிக்காரர், பந்தல்காரர், போலீஸ்காரர், பெயர் விட்டுப்போனதால் முறைத்துக்கொண்டு நிற்பவர் என்று துண்டுகள் தீரும்வரை போர்த்துவார்கள். பதினெட்டு அக்குரோணி சேனை அழிந்ததற்கு வராத மனவருத்தம் இரண்டு துண்டு குறைந்ததற்கு வரும். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு காப்பியத்தை நிறுத்திக்கொண்டதன் அருமை இப்போது விளங்கும்: போருக்குப் பிந்திய விவகாரங்களில் அவர் தலையிடவில்லை.

வரவுக்கு மேல் செலவு என்று கணக்கு முடியும். பற்றாக்குறையைக் கைக்காசிலிருந்து போட்டதாகப் பாரதம் வைக்கிறவர் சொல்வார். பெரும்பாலும் அது உண்மை. மாட்டை விற்றோ நகையை அடகு வைத்தோ போட்டிருப்பார்; வீட்டம்மாள் அதைப் பத்து வருசம் சொல்லிக்காட்டுவார். அதைப் பற்றி ஊருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சந்தேகம் தீராது. இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று அவர் சாவியைக் கோயில் திண்ணையில் வைப்பதும், மறுநாள் காலை பூசாரி அதை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவதும் சம்பிரதாயம்.

இந்த வகையார் ஒழியாமல் இருப்பதற்குக் காரணம், வாரிசு தேடும் முறை. மகன்கள் பெரும்பாலும் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார்கள்; அவர்களுக்கு இதில் நாட்டம் இல்லை. ஊர்க்கூட்டத்தில் கணக்கு கேட்டுச் சத்தம் போடுகிற இளைஞனைத்தான் பெரியவர் குறித்துவைத்திருப்பார். முதலில் அவனை நோட்டீஸ் அடிக்க அனுப்புவார், அடுத்து மைக்செட் பேச, அதற்கடுத்து ஒரு தெருவுக்கு வரி வசூலிக்க. மூன்று பாரதம் முடிவதற்குள் அவனுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கு இடம் விட்டு சட்டைப் பை தைக்கச் சொல்லும் பழக்கம் வந்துவிடும்.