பத்துக்குப் பத்து அறையில் சேலம் கோட்டம்

வீட்டுக்குள் குட்டி ரயில் பாதை போடும் ஆசை வந்துவிட்டது உங்களுக்கு. நல்லது. கையில் இருப்பது மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட பத்துக்குப் பத்து அறை. அதிலும் ஒரு மூலையை பீரோ பிடித்துக்கொண்டது, இன்னொரு மூலையில் அரிசி டிரம். ரொம்ப நல்லது. இடம் குறையக் குறையத்தான் தப்புகளுக்கு ஒரு நெருக்கமும் அழகும் வரும். கீழே 12 படிகள். வரிசை மாறாமல் செய்தால், ஒரு ரயிலும் ஓடாத முழு ரயில்வே ஒன்றுக்கு நீங்கள் முதலாளி. பாதிப் படிகளை ஏற்கெனவே முடித்திருப்பீர்கள். அவற்றுக்கு டிக் போட்டுவிட்டு மேலே போங்கள்.

1. எதையும் விட்டுவிடாதீர்கள்

ஒரே ஒரு ஸ்டேஷன், ஒரு லெவல் கிராசிங், ஒரு புளியமரம் என்று தொடங்குபவர்கள் உண்டு. அவர்கள் ரயில் ஓட்டிப் பிழைத்துப்போகட்டும். நீங்கள் காகிதம் எடுத்து முழுப் பட்டியல் போடுங்கள்: சேலம் ஜங்ஷன், மேக்னசைட் ஜங்ஷன், லோகூர் ஏற்றம், ஓமலூர் வழியாக மேட்டூர் அணை, டவுன், மார்க்கெட் தாண்டி விருத்தாசலம் போகும் பாதை, ராசிபுரம், நாமக்கல், மோகனூர், காவிரிப் பாலம், கரூர். 2007 நவம்பர் 1ஆம் தேதி சேலம் கோட்டம் தொடங்கியபோது ரயில்வேக்குப் பல மாவட்டங்கள் தேவைப்பட்டன. உங்களுக்கு 100 சதுர அடி தாராளம்.

எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, “ஏங்கண்ணு, ஒரு வட்டம் போட்டு சும்மா ஓட உட்டா ஆவாதா?” என்பார். சிரித்த முகத்தோடு கதவைச் சாத்துங்கள்.

2. பெரிய அளவையே எடுங்கள்

மாதிரி ரயிலில் எச்ஓ என்றால் நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. என் என்றால் 160இல் ஒரு பங்கு. இடம் குறைவென்றால் என் அளவை எடுக்கச் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். எச்ஓ எடுங்கள், எடுத்த கையோடு கணக்கும் போடாதீர்கள். போட்டால், நம் பழைய நீல நிற ஐசிஎஃப் பெட்டி ஒன்று 25 சென்டிமீட்டருக்கு மேல் வரும். 24 பெட்டி கோத்தால் 20 அடி. உங்கள் அறையில் மூலைக்கு மூலை நூல் பிடித்தாலும் 14 அடிதான். சேலத்திலிருந்து கரூர் சுமார் 85 கிலோமீட்டர். அதையும் 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வரும். அதாவது கரூர் ஸ்டேஷன் அடுத்த தெருவையும் தாண்டிப் போகும்.

நேரம் மிஞ்சினால் கேஜ் பற்றிச் சண்டை போடுங்கள். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எச்ஓவில் அது 19.3 மில்லிமீட்டராக வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5. இந்த 2.8 மில்லிமீட்டரை வைத்து இரண்டு வருடம் ஓட்டலாம். ரயிலைத்தான் ஓட்ட முடியாது.

3. முதலில் இன்ஜின் வாங்குங்கள்

ஒரு மீட்டர் தண்டவாளம் வாங்குவதற்கு முன் ஒன்பது இன்ஜின் வாங்கிவிடுங்கள். ஜெர்மன் ஒன்று, ஜப்பான் ஒன்று, இங்கிலாந்து நீராவி ஒன்று. ஒன்றின் கொக்கி இன்னொன்றில் மாட்டாது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் பீரோவில் புடவைக்குப் பின்னால் வையுங்கள். விலையை வீட்டில் சொல்லும்போது கடைசி சைபரை விழுங்கிவிடவும்.

4. கதவை அளக்காமல் பலகை வாங்குங்கள்

எட்டுக்கு நாலு பிளைவுட், 19 மில்லிமீட்டர் கனம். அது மாடிப்படித் திருப்பத்தில் நிற்கும். கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றுங்கள், தெருவே பார்க்கட்டும். கால் அடிப்பதற்கு நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஆள் வந்தால் உத்தமம். பதினாறு டன் தாங்குகிற மாதிரி அடித்துக் கொடுப்பார். இனி அதை யாரும் நகர்த்த முடியாது.

பலகையை இரண்டு சுவரோடும் ஒட்டிப் போடுங்கள். மனிதக் கை வசதியாக எட்டுவது இரண்டரை அடி. ஆகவே தடம் மாற்றும் பாயின்ட்டுகள் எல்லாவற்றையும் நாலாவது அடியில், சுவர் மூலையில் வையுங்கள். அரிசி டிரம் காவிரிப் பாலத்துக்கு அடியில் வருகிறதா? சரியான திட்டம். தினமும் காலையில், “ஏனுங்க, அரிசி எடுக்கோணும், பாலத்தைத் தூக்குங்க” என்று குரல் வரும். காவிரியில் இந்தப் பாலம்தான் நாளுக்கொருமுறை திறந்து மூடும்.

5. வளைவைக் கிள்ளுங்கள்

நம் ரயில்வே அகலப் பாதையில் விடுகிற ஆகக் கூர்மையான வளைவே 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். எச்ஓவில் அது 2 மீட்டர். அரை வட்டம் திரும்பவே அறை போதாது. பெட்டி நீளத்தைப்போல் மூன்று மடங்காவது ஆரம் இருக்கட்டும் என்பது இந்தக் கலையில் பழைய கணக்கு. அப்படியானால் முக்கால் மீட்டர். அதுவும் வேண்டாம். 36 சென்டிமீட்டர் வளைவை வாங்குங்கள். நிஜத்தில் அது 31 மீட்டர் ஆரம். 20 அடி எக்ஸ்பிரஸ் அதில் திரும்பும்போது நடுப் பெட்டிகள் உள்பக்கமாகச் சாயும். பெட்டி முனைகள் வெளியே நீட்டி சிக்னல் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் போகும். பார்க்க வந்தவர்களிடம் “புயல் சேதம்” என்று சொல்லுங்கள்.

6. ஊட்டியைத் தோற்கடியுங்கள்

ஒரு பாதைமேல் இன்னொரு பாதை ஏறிக் கடக்க எச்ஓவில் 8 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 50க்கு 1 என்று நிதானமாக ஏறினால் 4 மீட்டர் ஓட வேண்டும். உங்களிடம் இருப்பது 1 மீட்டர். ஏற்றுங்கள். 12க்கு 1 என்ற கணக்கு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலின் கடும் ஏற்றமும் இதுதான். அங்கே கல்லாறிலிருந்து குன்னூர்வரை நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டு, பற்சக்கரத்தால் பிடித்து ஏறுகிறார்கள். உங்களுக்குப் பல்லும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். பின்னாலிருந்து தள்ள ஆள்காட்டி விரல் இருக்கிறது. போகிற போக்கில், ஊட்டிப் பாதையும் சேலம் கோட்டத்தில்தான் சேர்த்தி என்பதை நினைவில் வையுங்கள்.

7. மலையை மூடிவிடுங்கள்

சேலத்துத் தரையிலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே. எச்ஓவில் 14 மீட்டர், நாலு மாடி. அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மேட்டூர் அணை அவ்வளவு தொந்தரவில்லை: உயரம் 214 அடி, எச்ஓவில் இரண்டரை அடிகூட இல்லை. நீளம்தான் 61 அடி. நாமக்கல் ஆஞ்சநேயர் இன்னும் எளிது. 18 அடிச் சிலை 6 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். ஆனால் அவருக்குக் கூரை ஆகாது, வானம் பார்த்தே நிற்பவர். ஆகவே அந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் லாஃப்டை இடித்துவிடுங்கள்.

மலைக்குப் பொருள் நாமக்கல்லிலேயே இருக்கிறது: முட்டை அட்டை. ஊறவைத்து, கூழாக்கி, கம்பி வலைமேல் பூசினால் பாறை அப்படியே வரும். இந்த ஒன்று மட்டும் உண்மையாகவே நல்ல யோசனை என்பதால், உடனே கெடுத்துவிடுவோம். உள்ளே சுரங்கம் விட்டு, பின்பக்கம் கை நுழையக்கூட வழி வைக்காமல் பூசி முடியுங்கள். ரயில் தடம் புரளத் தேர்ந்தெடுக்கும் இடம் அதுதான். மலைக்குள் போன மூன்றாவது பெட்டி அடுத்த வெள்ளையடிப்பில் கிடைக்கும்.

8. ஜல்லிக்கு ஜவ்வரிசி

தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி போட, சலித்த கல்தூளைத் தூவுவார்கள். பெயின்ட் பிரஷ்ஷால் சமன் செய்து, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக ஊற்றி, ஒரு இரவு காயவிடுவார்கள். சோம்பேறிகள்.

சேலத்தில் பிறந்துவிட்டுக் கல்லைத் தேடுவதா? ஜவ்வரிசி வியாபாரத்துக்கென்றே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் நடக்கிற ஊர் இது. அரைக் கிலோ ஜவ்வரிசிக்குச் சாம்பல் நிறம் அடித்துத் தூவுங்கள். அசல் ஜல்லிதான். மேலே பசைத்தண்ணீரை ஊற்றுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். முதல் மணி கண்ணாடிபோல் ஆகும். பக்கத்து மணியோடு ஒட்டும். பிறகு மொத்தப் பாதையும் மெல்ல மூச்சு இழுத்ததுபோல் உப்பி, ஸ்லீப்பரை மூடி, தண்டவாளத்தின் மேல்தட்டுக்கு வரும். பாயின்ட்டின் நாக்கு இரண்டு பக்கமும் பாயசத்தில் சிக்கி நடுவில் நிற்கும். மறுநாள் காலையில் ராசிபுரத்திலிருந்து நாமக்கல்வரை எறும்புகள் இரட்டைப் பாதையில் போய்வந்துகொண்டிருக்கும். உங்கள் ரயில்வேயில் நேரம் தவறாமல் நடந்த முதல் போக்குவரத்து அதுதான். எலி வருவது மூன்றாம் நாள்.

9. எல்லா ஒயரும் ஒரே நிறம்

வீட்டு வேலையில் மிஞ்சிய சிவப்பு ஒயர் ஒரு சுருள் இருக்குமே, அது போதும். சீட்டு எழுதி ஒட்டாதீர்கள்; உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்குமே.

இரண்டு தண்டவாளங்களில் ஒன்று பாசிட்டிவ், ஒன்று நெகட்டிவ். பாதை வளைந்து தன்னிடமே திரும்பி வந்து சேர்ந்தால், பாசிட்டிவ் போய் நெகட்டிவில் முட்டும். அந்த வளையத்தின் இரண்டு முனையிலும் தண்டவாளங்களை அறுத்து இடைவெளி விட்டு, தனி ஸ்விட்ச் வைத்தால் தீர்ந்தது. நீங்கள் அறுக்காதீர்கள். இன்ஜின் பழுது என்று முடிவுகட்டி ஒன்பதையும் கழற்றிப் பாருங்கள்.

இணைப்புகளை நீங்களே பற்றவையுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் கடுகளவு வளையத்தைப் பற்றாசு வைத்துச் சுவடு தெரியாமல் ஒட்டுகிறார்கள். அந்தத் தெருவுக்குப் போனால் வேலை கற்றுக்கொள்ள நேரிடும், எச்சரிக்கை. தண்டவாள மூட்டுகளில் இடைவெளியும் விடாதீர்கள். சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் சித்திரை மாதம் 20 டிகிரி கூடினால் 3 மீட்டர் பாதை 1 மில்லிமீட்டர் நீளும். நீண்டதற்குப் போக இடமில்லாமல் பாம்புபோல் நெளியும். அதற்குள் வளைவு போதவில்லை என்று யார் சொன்னது?

10. சின்னப் பலகைக்காரர்களோடு சேராதீர்கள்

இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்றொருவர் இங்கிள்நூக் என்ற அமைப்பைப் பிரபலமாக்கினார். மூன்று தடம், இரண்டு பாயின்ட், எட்டு வேகன். முதல் தடத்தில் ஐந்து நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. சீட்டுக் குலுக்கி ஐந்து வேகனை வந்த வரிசையில் கோக்க வேண்டும். 6,720 விதமாக வரிசை வரும். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெள்ளைக்கல் ஏற்றும் சைடிங் ஒன்றை இப்படிப் பண்ணினால் பீரோவின் தலையில் அடங்கிவிடும். தினமும் ஆபீஸ் விட்டு வந்து அரை மணி நேரம் ஷன்டிங் செய்யலாம்.

இதில் உள்ள அபாயம் புரிகிறதா? ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிறகு ரயில் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

11. திறப்பு விழாவைத் தள்ளிப்போடுங்கள்

புணேயில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் உழைப்பை 1998இல் குட்டி ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தார். ஹாம்பர்க்கில் அண்ணன் தம்பி இருவர் 2001இல் மினியட்டூர் வுண்டர்லாண்டைத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் எச்ஓ உலகம் ஆயிரம் சதுர மீட்டரையும் தாண்டிவிட்டது. ஹாம்பர்க்காரர்கள் ஓடுகிற ரயிலைக் காட்டிய பிறகுதான் இடத்தைப் பெருக்கினார்கள் என்ற உண்மையை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அவசரப்படுத்தினால் நம் சேலம் – நாமக்கல் – கரூர் பாதையைக் காட்டுங்கள். தொண்ணூறுகளில் ஒப்புதல் கிடைத்தது, 2013இல்தான் ரயில் வந்தது. நிஜ ரயிலுக்கே அவ்வளவு வருடம். உங்களுக்கு என்ன அவசரம்? ஆனால் அந்தப் பாதையில் இப்போது ரயில் ஓடுகிறது என்று யாராவது நினைவூட்டினால், காபி கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள்.

12. கொலுவுக்குப் போய்க் குறை சொல்லுங்கள்

நவராத்திரிக்கு எதிர்வீட்டுப் பாட்டி ரயில் கேட்பார். இருப்பதில் பழைய இன்ஜின் ஒன்று, நாலு பெட்டி, முதல் டப்பாவில் வந்த முட்டைவட்டத் தண்டவாளம் – அவ்வளவும் கொடுத்துவிடுங்கள். அவர் படிக்குப் பக்கத்தில் நியூஸ்பேப்பர் விரித்து மணலைக் கொட்டுவார். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதி புதைத்தால் குளம். ஒரு வாரம் முன்பே தட்டில் முளைகட்டிய கேழ்வரகு, வயல். ஒரு செட்டியார் பொம்மை, எதற்கென்று தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி. சுற்றிலும் ஒரே ஒரு வட்டம். ஒன்பது நாளும் சாயங்காலம் விளக்கு வைத்தபின் ரயில் ஓடும். ஒருமுறைகூடத் தடம் புரளாது. தெருப்பிள்ளைகள் சுண்டலை மறந்து தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்க்கும்.

விடாதீர்கள். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். செட்டியார் 14 சென்டிமீட்டர். அந்த இன்ஜினின் கணக்கில் அவர் நிஜத்தில் 12 மீட்டர் உயரம், நாமக்கல் ஆஞ்சநேயரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இதைப் பாட்டிக்குப் பொறுமையாக விளக்குங்கள். அவர், “அதனாலென்ன கண்ணு, வியாபாரம் நல்லா நடக்குது போ” என்று இன்னொரு கை சுண்டல் வைப்பார்.

வாங்கிக்கொண்டு மாடிக்கு வாருங்கள். எறும்பைத் தட்டிவிட்டு, பட்டியலைப் பிரித்து, எது விட்டுப்போயிற்று என்று பாருங்கள். ஊட்டி பாக்கி.