அப்பத்தாவுக்கு ஒரு லோகோ

போன ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் ஒரு கலயம் கம்மங்கூழுக்குத் தொண்ணூறு ரூபாய் கொடுத்தேன். சூடு இன்னும் ஆறவில்லை. கூழுக்கு அல்ல, எனக்கு.

தேனி ரோட்டில் புதிதாக வந்திருக்கும் கடை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் விளம்பரமாகிவிடும். பலகையில் தண்டட்டி தொங்கும் ஒரு கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள். கூழ் மண்கலயத்தில் வந்தது. கலயத்துக்கு அடியில் மரத்தட்டு, தட்டின் ஓரத்தில் மோர்மிளகாய். எண்ணிவிட்டேன், மூன்று. “சார், ஸ்டோரி போட்டு எங்களை டேக் பண்ணா பத்து பர்சென்ட் தள்ளுபடி” என்றான் பையன். எனக்கு வயது ஐம்பத்தாறு. மூட்டுவலியைத் தவிர என்னிடம் வேறு ஸ்டோரி கிடையாது. ஆனாலும் ஒன்பது ரூபாயை விடுவானேன் என்று போனை எடுத்தேன். கலயத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, படுத்திருந்த மிளகாயை நிமிர்த்தி வைத்து, நாலைந்து படம் எடுத்து முடிப்பதற்குள் கூழில் ஈ விழுந்துவிட்டது. படத்தில் ஈயும் அழகாகத்தான் விழுந்திருக்கிறது.

 

உசிலம்பட்டிப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் காடு. 1959ல் வைகை அணையைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீரை எங்கள் பக்கத்து 58 கிராமக் கண்மாய்களுக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் எத்தனையோ வருஷம் நடையாய் நடந்தார்கள். வானம் பார்த்த பூமியில் கம்பு, சோளம், கேப்பை, குதிரைவாலிதான். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், இல்லையென்றால் யாராவது செத்தால். அப்பத்தா கம்மங்கூழ் குடித்தது அதில் இரும்புச்சத்து இருக்கிறது என்பதற்காக அல்ல, பானையில் வேறு எதுவும் இல்லை என்பதற்காக. ஐ.நா. சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது அவள் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்தச் சபையை ஒரு மாசம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போகச் சொல்லியிருப்பாள்.

இந்தக் கடுப்போடு வீடு திரும்பினால், திண்ணையில் அண்ணன் மகன்.

“சித்தப்பா, ஒங்க அப்பத்தா போட்டோ இருக்கா?”

“எதுக்குடா?”

“இட்லிப்பொடி பிசினஸ் ஆரம்பிக்கிறேன். இன்ஸ்டாவுல. பிராண்டுக்கு ஒரு முகம் வேணும்.”

“ஒனக்கே ஒரு அப்பத்தா அடுப்படியில உசுரோட இருக்காளேடா.”

“அவங்க நைட்டி போட்டிருக்காங்க சித்தப்பா. செட்டாகாது.”

அடுப்படியில் இருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது: “யாரு, ஒங்கப்பத்தாளா? அவுக வச்ச கொழம்பக் குடிச்சுத்தான் ஒங்க தாத்தா மிலிட்டரிக்கே ஓடிப்போனாரு.”

மாமியார் மேல் மருமகள் சொல்லும் குற்றச்சாட்டில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பார்கள். மீதிப் பாதிக்கு நானே சாட்சி. அப்பத்தாவுக்கு ஒரே ஒரு குழம்புதான் தெரியும். திங்கட்கிழமை அதில் கத்தரிக்காய் கிடக்கும், செவ்வாய்க்கிழமை கருவாடு கிடக்கும், புதன்கிழமை ஒன்றும் கிடக்காது. உப்பை ஒரு நாள் மறப்பாள், மறுநாள் அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுவாள். இதைத்தான் இன்றைக்குக் கைப்பக்குவம் என்கிறார்கள். தான் சமைக்காத நேரத்தில் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, அம்மா சமைப்பதைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். அந்தப் பார்வையில்தான் எங்கள் வீட்டில் பாதி நாள் சோறு அடிப்பிடித்தது.

அப்பத்தா மரச்செக்கு எண்ணெய்க்கு ஏங்கியதும் கிடையாது. அவள் ஏங்கியது டால்டாவுக்கு. 1937ல் சந்தைக்கு வந்த சரக்கு. அதை விற்பதற்காக டால்டா டப்பா வடிவத்திலேயே வண்டி செய்து தெருவில் ஓட்டினார்களாம் என்று படித்தபோது, அந்த வண்டி மட்டும் எங்கள் தெருவுக்குள் வந்திருந்தால் இவள் ஏறிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சாம்பலில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் கோபால் பல்பொடிக்கு மாறியது அது மதுரைச் சரக்கு என்பதால் அல்ல. சிங்கப்பூர், மலேசியாவில் எல்லாம் அதில்தான் விளக்குகிறார்கள் என்று இலங்கை வானொலி சொன்னதால். ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள் என்று காய்ச்சலையே விரும்பி வரவேற்றவள். அந்த ஹார்லிக்ஸ்காரர்களே 2024ல் ஆரோக்கிய பானம் என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இது தெரியாமல் போய்ச் சேர்ந்தது அவளுடைய நல்ல நேரம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது, மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்ததும், சின்ன வயதில் பெட்டிக்கடையில் சாதாரணமாகக் குடித்த பொவண்டோவை ஒரு கிரேட் வாங்கி வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குடித்தவன் நான். விருதுநகரில் 1916ல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் வரலாற்றை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். கிரேட் காலியாவதற்குள் வீரம் காலியாகிவிட்டது.

சரி, அப்பத்தாவுக்கு வருவோம். எனக்குப் புரியாதது இதுதான்: விற்பதற்கு ஏன் சொந்தக்காரர்கள்தான் வேண்டும்? ஆச்சி 1995லேயே மசாலாவுக்குப் போய்விட்டார். அம்மாவை அரசாங்கமே எடுத்துக்கொண்டது: 2013ல் உணவகம், அப்புறம் குடிநீர், அப்புறம் உப்பு, பிறகு சிமென்ட். தாய்ப்பாசத்தில் கொத்து வேலையும் நடக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துத் தாத்தா ஒருவர் பேரன்களோடு வயலில் அடுப்பு மூட்டி 2018ல் யூடியூபில் இறங்கினார். 2021ல் ராகுல் காந்தியே வந்து பாயில் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார், அதே வருஷம் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தொட்டார்கள். மாப்பிள்ளையை மதுரையில் விநாயகரோடு சேர்த்து எப்போதோ சோடா பாட்டிலில் அடைத்தாகிவிட்டது. அண்ணாச்சி என்றாலே கடைதான்.

மிச்சம் இருப்பவர்கள் யார்? மாமியார் மிளகாய்ப்பொடி. காரத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் வாங்கி வருகிற கணவன் வீட்டுக்குள் நுழைய முடியாது. சம்பந்தி சர்பத். ஓசியில் கொடுத்தாலும் இனிப்புக் குறைவு என்பார்கள். பங்காளி பரோட்டா. பிய்த்துப் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் சால்னா யார் பக்கத்து எல்லையில் ஓடுகிறது என்று சர்வேயரைக் கூப்பிட வேண்டியிருக்கும். கொழுந்தியா குல்பி ஓடும், வீட்டுக்குத் தெரியாமல். சகலை சமோசா என்று வைத்தால், ஒன்று வாங்கினாலே இன்னொருவர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று விசாரிக்கத் தோன்றும். தாய்மாமனுக்கு லோகோவே வேண்டாம்; காதுகுத்துக்குக் காதுகுத்து பஸ் ஸ்டாண்டில் இருந்து வீடு வரை பிளெக்ஸில் கைகூப்பிக்கொண்டுதான் நிற்கிறார். ஒன்றுவிட்ட அத்தை ஒன்றுமே விற்க மாட்டாள், கடனாகத்தான் வாங்குவாள்.

சித்தப்பா? இதை ஒரு பேச்சுக்காகத்தான் அண்ணன் மகனிடம் கேட்டேன். சித்தப்பா சாம்பார்பொடி, வாயில் நன்றாகத்தானே வருகிறது? அவன் போனில் இருந்து கண்ணை எடுக்காமல், “சித்தப்பான்னா டிரஸ்ட் கம்மி” என்றான். இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அலங்காநல்லூரில் வாடிவாசல் காட்டியவன் நான். மாடு தெரியவில்லை என்று அழுதான் என்பது வேறு விஷயம். நான்கு நாளாகிறது, அந்த ‘டிரஸ்ட் கம்மி’ இன்னும் உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது.

போட்டோ விஷயம். அப்பத்தாவுக்கு இருப்பது ஒரே படம், டி.என். சேஷன் புண்ணியத்தில் எடுத்த வாக்காளர் அட்டைப் படம். கேமராக்காரன் கோழி திருடிவிட்டுப் போகிற மாதிரி அதில் முறைத்துக்கொண்டிருப்பாள். அதைப் பையன் ஏஐக்குக் கொடுத்தான். இவன் ஏற்கெனவே 2025 மார்ச்சில், ஊரே ஜிப்லி பொம்மையாக மாறிய வாரத்தில், எங்கள் குடும்பம் மொத்தத்தையும் பொம்மையாக்கியவன். அதில் எனக்குத் தலைநிறைய முடி வந்திருந்ததால் அப்போது நான் ஆட்சேபிக்கவில்லை. இந்தத் தடவை ஏஐ அப்பத்தாவைச் சிரிக்க வைத்திருந்தது. வெற்றிலைக்கறை போய் முப்பத்திரண்டு பல்லும் பளீரென்று இருந்தன. தண்டட்டி என்ற பேரில் 2023ல் சினிமாவே வந்துவிட்டது, இருந்தும் அந்த இயந்திரத்துக்குத் தண்டட்டி என்றால் என்னவென்று பிடிபடவில்லை. வளையம் மாதிரி எதையோ மாட்டி, காதை ஒட்டத் தைத்துவிட்டது. கொசுவம் வைத்துக் கட்டியவளுக்குப் பட்டுச்சேலை. பின்னால் தென்னந்தோப்பு. எங்களுக்கு ஏதுடா தோப்பு?

“உசிலம்பட்டின்னு பெருசாப் போட்டுருக்கேன் சித்தப்பா. ரீல்ஸுக்கு அந்தப் பாட்டையே போட்டுடலாம்.” எந்தப் பாட்டு என்று கேட்கவில்லை. 1993ல் ஜென்டில்மேன் வந்ததில் இருந்து, ஊர் பேரைச் சொன்ன மறுவிநாடி எதிராளி அதைத்தான் எனக்கே பாடிக் காட்டுகிறான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பாடினார்கள்.

நேற்று முதல் பாக்கெட் வந்தது. இருநூறு கிராம், நூற்றெண்பது ரூபாய். சித்தப்பாவுக்கு இலவசம், ஸ்டோரி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. செய்முறை யூடியூபில் எடுத்தது, திரித்தது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மில்லில். நல்லெண்ணெய் ஊற்றி நாலு இட்லி சாப்பிட்டேன். சொல்லவே மனசில்லை, நன்றாக இருந்தது. உப்பு சரியாக இருந்ததே, அங்கேயே இது அப்பத்தா சமாச்சாரம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

பாக்கெட்டை அம்மா அடுப்புக்கு மேலே ஷெல்பில் வைத்தாள். சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், அப்பத்தா முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

“ஏம்மா திருப்பி வச்சுருக்கே?”

“தாளிக்கும்போது பாத்துக்கிட்டே இருக்காகடா” என்றாள் அம்மா.