தாழம்பூவும் மூன்று விநாடி பொய்யும்

திருவண்ணாமலையில் பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் சண்டை. யார் பெரியவர் என்பதுதான் பிரச்சினை. ஒருவருக்குப் படைக்கிற வேலை, மற்றவருக்குக் காக்கிற வேலை, ரெண்டுமே தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் சீனியாரிட்டி பஞ்சாயத்துக்கு நேரம் ஒதுக்கினார்கள் பாருங்கள், நம் அரசு அலுவலகங்களுக்கு வழிகாட்டியே இவர்கள்தான் போல!

நடுவே திடுமென ஒரு நெருப்புத் தூண். அடியும் தெரியவில்லை, முடியும் தெரியவில்லை. முனையைக் கண்டவரே பெரியவர் என்று பந்தயம். விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே போனார். பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார். 'ஐயா, இதுக்கு முனைன்னு ஒண்ணு இருக்கா?' என்று கேட்க ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

சிரிக்காதீர்கள். பெங்களூரு கம்பெனிகளில் வெப் டெவலப்பர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் தினமும் இதே தூணைத்தான் சுற்றி வருகிறார்கள். ஒரு வெப் பக்கம் திறக்கிறது. மெனு, படப்பெட்டி, சாட் ஜன்னல் என்று ஒவ்வொரு காம்பொனென்ட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து சேர்கிறது. வந்ததும் சும்மா நிற்குமா? வழுக்கி, மங்கி, துள்ளி ஒரு ஆட்டம் வேறு. எல்லாம் வந்து, ஆடி அடங்கிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரவுசர் 'லோட்' என்று ஒரு குரல் கொடுக்கும். பக்கத்தோடு முதலில் கேட்ட ஃபைல்கள் வந்துவிட்டன என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பிறகு காம்பொனென்ட் தானாகப் போய்க் கொண்டுவரும் சரக்கு அதன் கணக்கில் வராது. 'வென் டிஃபைன்ட்' என்று இன்னொரு வசதி உண்டு. காம்பொனென்ட்டின் பெயர் பதிவாகிவிட்டது என்று அது சொல்லும். கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை பெயர் பூ எழுத்தில் வந்துவிட்டது, சரி. மாப்பிள்ளை வந்தாரா?

'டிரான்ஸிஷன் எண்ட்' இன்னும் வேடிக்கை. நிறமும் அகலமும் சேர்ந்து மாறினால் ரெண்டு தடவை 'முடிந்தது' என்று கத்தும். பாதியில் அந்தப் பெட்டியை மறைத்துவிட்டால் கப்சிப். இருப்பதில் யோக்கியமான வழி, 'கெட் அனிமேஷன்ஸ்' மூலம் ஓடுகிற ஆட்டங்களையெல்லாம் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றும் 'முடிந்ததும் சொல்கிறேன்' என்று தரும் 'ஃபினிஷ்ட்' ப்ராமிஸுக்கும் காத்திருப்பது. ஆனால் அந்தக் கூட்டத்தில் சதா சுழலும் ஸ்பின்னர் ஒன்றே ஒன்று இருந்தால் தொலைந்தது. முடிவில்லாமல் ஓடும்படி எழுதப்பட்ட அனிமேஷனின் ப்ராமிஸ் தானாக ஒருநாளும் நிறைவேறாது. சாட்சாத் ஜோதிப் பிழம்பு!

அப்போது டெவலப்பருக்கு ஒரு சபலம் வரும். 'மூணு செகண்ட் டைமர் வைப்போம். மூணு ஆச்சுன்னா முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?'

பிரம்மாவுக்கு வந்ததும் இதே சபலம்தான். இறக்கை வலிக்க நடுவானில் தொங்கியவரின் கண்ணில், மேலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூ பட்டது. எங்கிருந்து வருகிறாய் என்று விசாரித்தார். சிவனார் தலையிலிருந்து விழுந்து யுகங்கள் ஆயிற்றாம். நாலு தலைகளும் கலந்து ஆலோசித்தன. 'முடியைப் பார்த்துட்டேன்னு சொல்லப்போறேன், நீ ஆமான்னு சொல்லு போதும்.' உலகத்தையே படைத்தவர், ஒரு பூவிடம் போய் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்கிறார்!

விஷ்ணு மூச்சு வாங்க மேலே வந்து, அடியைக் காண முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். டைம் அவுட் எரர். நேர்மையான ரிப்போர்ட்.

தூணாக நின்ற சிவனார் சொன்ன தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் கிடையாது. சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரைப் பாருங்கள். லிங்கோத்பவர் தூணுக்குள் நிற்பார். மேலே அன்னம், கீழே பன்றி. பக் ரிப்போர்ட்டைக் கல்லில் செதுக்கி, ஊர் ஊராக மாட்டி வைத்த ஒரே நாகரிகம் நம்முடையதுதான். அப்புறம் நாமே திருச்சி பக்கம் திருப்பட்டூரில் பிரம்மாவுக்குத் தனிச் சந்நிதி வைத்து, தலையெழுத்தைத் திருத்தித் தரச் சொல்லி வரிசையில் நிற்கிறோம்.

ராஜாக்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? திருவண்ணாமலைக் கோயிலின் 217 அடி, 11 நிலை ராஜகோபுரத்தைத் தொடங்கினார் கிருஷ்ணதேவராயர். 1529-ல் அவர் போய்ச் சேர்ந்தபோது கோபுரம் இன்னும் லோடிங்கில்தான் இருந்தது. முடித்து வைத்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர், ராயரின் தம்பி அச்சுதராயருக்குச் சகலை. ஆனால் வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள், 'கிருஷ்ணதேவராயர் கட்டினது சார்' என்பார்கள். சகலைக்கு என்றைக்கு மரியாதை இருந்திருக்கிறது?

வல்லாள மகாராஜா கதை அதைவிடப் பாவம். அதே கோயிலில் தன் பெயரில் கோபுரம் எழுப்பிவிட்டு மிதப்பில் இருந்தாராம். திருவிழாவில் சுவாமி அந்த வாசல் வழியாக வரவே மாட்டேன் என்றாராம். ராஜா கர்வத்தை விட்டபிறகுதான் வந்தார் என்பது ஊர்க்கதை. யூஸர் டெஸ்டிங்குக்குக் கடவுளே உட்கார்ந்தால் எந்தக் கான்ட்ராக்டர் தப்புவான்?

இத்தனைக்கும், எதற்குக் காத்திருப்பது என்ற டெவலப்பரின் கேள்விக்குத் திருவண்ணாமலை ஊர்க்காரர்கள் விடையைக் கையில் வைத்திருக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிவாக்கில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிறார், ரெண்டொரு நிமிடம் தரிசனம் தருகிறார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் எரிகிறது. அதே வேளையில் 2668 அடி உயர மலையுச்சியில், ஆளுயரக் கொப்பரையில் மகாதீபம். அதைப் பார்த்தபிறகுதான் வீட்டு விளக்குகள். டைமர் இல்லை, தாழம்பூ இல்லை. லட்சக்கணக்கான பேர் ஒரே சிக்னலுக்குக் காத்திருக்கிறார்கள்.

வெளியூர்களில் மட்டும் இப்போது ஒரு சிக்கல். பேரன் மொபைலில் லைவ் வைத்திருக்கிறான், அது அரை நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. எதிர்வீட்டு டிவியிலிருந்து 'அண்ணாமலையாருக்கு அரோகரா' கேட்டதுமே பாட்டி திரியைப் பற்ற வைத்துவிடுகிறாள். பேரன் மொபைலை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறான்: "பாட்டி, இன்னும் ஏத்தலை பாட்டி!"